அசரியாவுக்கு ஒரு பக்கம்

ஆகஸ்ட் 9
எங்கள் சபை வட்டாரமான சேகரத்தின் மாத இதழுக்கு அசரியா அத்தியட்சரை (பிஷப்பை) பற்றி ஒரு பக்கம் கேட்டிருக்கிறார் எங்கள் ஐயர், அதாவது சபைக் குருவானவர். 17ஆம் தேதி பிறந்தநாள், 1874இல் பிறந்தவர். "முதல் இந்திய பிஷப்னு போட்டாப் போதும்மா" என்றார். அப்படிப் போட்டால் கேரளத்து சிரியன் சபைக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே சொந்த மெத்ரான்கள், அதாவது பிஷப்புகள், இருந்தார்கள். இவர் இங்கிலாந்துச் சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்.

ஆகஸ்ட் 10
பிறந்த ஊர் வெள்ளாளன்விளை. அப்பா தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். மகனுக்குப் பதினைந்து வயது ஆகும்போது இறந்துவிட்டார். பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் வேலை. 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியவர்களில் முக்கியமானவர். இந்தியப் பணம், இந்திய ஊழியர், இந்திய நிர்வாகம் என்பதுதான் கொள்கை. நம் சபை மக்களின் காணிக்கை நிஜாம் சீமையிலிருந்த தோர்ணக்கல்லுக்குப் போனது.

ஆகஸ்ட் 12
நேற்று முழுக்க 1909ஆம் வருஷத்தை விட்டு நகர முடியவில்லை. நாடு முழுக்கப் பெயர் தெரிந்த செயலாளர், கல்லூரி மாணவர்கள் கூட்டம் கூடிக் கேட்கிற பேச்சாளர். முப்பத்தைந்து வயதில் அதையெல்லாம் விட்டுவிட்டுக் குருப்பட்டம் பெற்று தோர்ணக்கல்லுக்குப் போகிறார். சுற்றிலும் தெலுங்கு, மொழியை அரிச்சுவடியிலிருந்து படிக்க வேண்டும். மற்றவர்களைப் போங்கள் போங்கள் என்று அனுப்பிக்கொண்டிருந்தவர் தானே பெட்டி கட்டிவிட்டார். மனைவி அன்பு மரியம்மாளும் கூடப் போனார். அந்த அம்மா என்ன நினைத்தாரோ? அதை யாரும் எழுதிவைக்கவில்லையே என்று ஆதங்கமாக இருக்கிறது.

எனக்கு பிஷப் பட்டத்தைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆகஸ்ட் 13
1910, எடின்பரோ. உலக மிஷனரி மாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள். ஆசியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே போய், வெள்ளைக்கார மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே நட்பே இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அன்பைப் பற்றிய வேத அதிகாரமான ஒன்று கொரிந்தியர் 13 அப்படியே திரும்பி அடிக்கிறது. கேட்டவர்களில் சிலருக்குக் கோபம். வராமல் இருக்குமா?

ஆகஸ்ட் 15
1912 டிசம்பர் 29, கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் பிஷப்பாக அபிஷேகம். இந்தியரை பிஷப் ஆக்குவதற்கு வெள்ளைக்காரர்கள் மட்டும் முகம் சுளிக்கவில்லை, நம்மவர்களிலும் சிலர் முறுமுறுத்தார்கள்.

தோர்ணக்கல்லில் ஞானஸ்நானம் பெற்றவர்களை, தன் தலையில் தானே கைவைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ!" என்று சொல்லவைத்தாராம். ஊழியம் ஐயருக்கு மட்டும் எழுதிவைத்த வேலை இல்லை என்பதைக் கூலி வேலை செய்பவருக்கும் பதியவைக்க இதைவிட என்ன வழி? எங்கள் சபையில் இதைச் சொன்னால் கமிட்டி கூடிவிடும்.

ஆகஸ்ட் 16
மீதியை வேகமாக முடித்தேன். 1939 ஜனவரி 6இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தில் இந்து, இஸ்லாமியக் கட்டடக் கலைகளும் கலந்திருக்கும். மதமாற்றம் பற்றி காந்தியோடு முட்டிக்கொண்டது ஒரு பக்கத்தில் அடங்காது, விட்டுவிட்டேன். 1919 தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து பிரிந்து கிடந்த சபைகளின் ஐக்கியத்துக்காக உழைத்தவர், 1945 ஜனவரி 1இல் இறந்துபோனார். அந்த ஐக்கியத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பிறந்தது 1947 செப்டம்பர் 27இல்.

ஐயரிடம் கொடுத்தேன். நீளம் அதிகம், எடின்பரோவைக் குறைக்கலாமா என்றார். கல்கத்தாவை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள் ஐயரே என்றேன்.