நான்கு மதிப்பெண்ணும் ஒரு ஆம்பியர் மணியும்

நேற்று பரீட்சை ரிசல்ட் வந்தது, பாஸாகிவிட்டேன். போன தடவை நான்கே மதிப்பெண்ணில் போயிருந்தது, விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால் அந்த நான்கும் பேட்டரிக் கணக்கில்தான் போயிருக்கிறது. அதனால் பேட்டரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், மற்றதெல்லாம் வேறு யாராவது சொல்வார்கள்.

12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டைத் தொடரிணைப்பில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக, வைத்தால் என்ன கிடைக்கும்? நான் 24 வோல்ட், 14 ஆம்பியர் மணி என்று எழுதிவிட்டு ஜம்மென்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் ஆற்றல்: ஒரு பேட்டரியில் 84 வாட் மணி, இரண்டிலும் சேர்த்து 168. என் விடையைப் பெருக்கினால் 336! ஒயரை மாற்றிப் போட்டே ஆற்றலை இரட்டிப்பாக்கியவனுக்கு நோபல் பரிசே கொடுத்திருக்கலாம், பூஜ்யம் போட்டார்கள்.

வாய்பாடு தெரியாமல் இல்லை. ஆம்பியர் மணி என்றால் என்ன என்று ஒருநாளும் யோசித்ததில்லை, அதுதான் விஷயம். பெயரில் ஆம்பியர் இருந்தாலும் அது மின்னோட்டம் (நொடிக்கு எவ்வளவு ஓடுகிறது) இல்லை, மின்னூட்டம் (மொத்தமாக எவ்வளவு ஓடியது). அதன் அலகு கூலும், 1 ஆம்பியர் மணி என்பது 3600 கூலும். தொடரிணைப்பில் ஒரே மின்னூட்டம்தான் இரண்டு பேட்டரி வழியாகவும் போகிறது, ஆகவே 7 ஏழாகவே இருக்கும், தள்ளுகிற வேலையில் மட்டும் இரண்டும் கூட்டு சேரும். பக்க இணைப்பில், அதாவது நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை சேர்த்தால், ஆளுக்குப் பாதி கொடுப்பதால் 14, மின்னழுத்தம் அதே 12 வோல்ட். இது புரிந்த அன்றைக்குத்தான் '7 ஆம்பியர் மணி பேட்டரி 7 ஆம்பியர் கொடுக்கும்' என்கிற இன்னொரு பைத்தியக்காரத்தனமும் விட்டது. எவ்வளவு மின்னோட்டம் ஓடும் என்பதை முடிவு செய்வது சுமை, அதாவது பேட்டரியில் நாம் மாட்டுகிற பொருள். ஒரு பேட்டரியில் 24 ஓம் தடை மாட்டினால் அரை ஆம்பியர், தாளில் 14 மணி நேரம்.

எனக்கு மனப்பாடம் வராது, அதனால் வரிக்கு வரி அலகை எழுதினேன். ஆம்பியர் மணியை ஆம்பியரால் வகுத்தால் மணி மிஞ்சும், வோல்ட்டால் பெருக்கினால் வாட் மணி. அலகு ஒட்டவில்லையா, கணக்கு தப்பு. வேகமாகப் போடுகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், இருக்கட்டும்.

அப்புறம் சில்லறை விஷயங்கள்:

- அகத்தடை (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் தடை) 0.5 ஓம், மின்னோட்டம் 2 ஆம்பியர், மின்னியக்கு விசை (எதுவும் ஓடாதபோது முனையில் இருக்கும் அழுத்தம்) 12 வோல்ட். பேட்டரி கொடுக்கும்போது முனையில் 11, சார்ஜ் ஏறும்போது 13. கூட்டல் கழித்தல் குறியில்தான் கவிழ்ப்பார்கள்.
- பவர் பேங்கில் போட்டிருக்கும் 10000 மில்லி ஆம்பியர் மணி உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கு. அது 37 வாட் மணி. 5 வோல்ட்டில் வெளியே எடுத்தால் இழப்பே இல்லாவிட்டாலும் 7400தான்.
- லித்தியம் அயனி செல் நிறைந்தால் 4.2 வோல்ட், ஆனால் நடுவில் ரொம்ப நேரம் அழுத்தம் அவ்வளவாக இறங்காது. நேர்க்கோடு போட்டு மீதி சதவீதம் சொல்லாதீர்கள்.
- சின்ன ஈய அமில பேட்டரிகளின் கொள்திறனைப் பெரும்பாலும் 20 மணி நேரக் கணக்கில், அதாவது 20 மணி நேரத்தில் தீரும்படி மெதுவாக எடுத்தால் என்று, சொல்வார்கள். 7 ஆம்பியர் மணிக்கு அது 0.35 ஆம்பியர். ஒரேயடியாக 7 ஆம்பியர் இழுத்தால் ஒரு மணி நேரம் தாங்காது.

இந்தத் தடவை வந்தது பக்க இணைப்பு, அதுவும் மூன்று பேட்டரி. பார்த்ததும் விடை தெரிந்துவிட்டது, ஆனாலும் பயத்தில் ஓரமாக வாட் மணியை இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன். அதில் போன நேரத்தில் கடைசிக் கேள்வி பாதியிலேயே நின்றுவிட்டது.