நைரா நோட்டிடம் சொன்ன கேள்வி

இபாடான் தாண்டி இஃபே போகும் சாலையில் குழிகளை எண்ணிக்கொண்டே வந்தவன் ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். நைஜீரியாவின் யோருபா மக்களுக்கு உலகம் தொடங்கிய ஊரே இஃபேதான். அவர்கள் குறி கேட்கும் முறையான இஃபாவுக்கும் அதுதான் தாய்வீடு, ஓக்கே இத்தாசே குன்றில் கோயிலே இருக்கிறது. கூட வந்த நண்பர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "எங்க தாத்தா இதுல பெரிய ஆள். ஆனா இங்க வந்தேன்னு எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார்.

குறி சொல்பவரை பபலாவோ என்கிறார்கள், ரகசியங்களின் தந்தை என்று பொருள். நாங்கள் பார்த்தவர் பாயில் உட்கார்ந்திருந்தார். முன்னால் வட்டமான மரத்தட்டு, விளிம்பில் செதுக்கிய ஒரு முகம், அது தெய்வங்களுக்குத் தூது போகும் எஷுவாம். தட்டில் மஞ்சளாக மெல்லிய தூள், கரையான் அரித்த மரத்தூள்தான்.

என்ன பிரச்சினை என்று அவர் கேட்கவே இல்லை. நைஜீரியப் பணமான நைரா நோட்டு ஒன்றை வாயருகே வைத்து கேள்வியை அதனிடம் முணுமுணுக்கச் சொன்னார், அவ்வளவுதான். அப்புறம் எண்ணெய்ப்பனையின் 16 கொட்டைகளை இரண்டு கையிலும் குலுக்கி, வலது கையால் ஒரே பிடியாக அள்ளினார். இடது கையில் இரண்டு மிஞ்சினால் தூளில் ஒரு கோடு, ஒன்று மிஞ்சினால் இரண்டு கோடு, வேறு எப்படி வந்தாலும் கணக்கில் சேராது, மறுபடி அள்ள வேண்டும். (தலைகீழாகச் சொல்கிறேனோ என்று நினைக்காதீர்கள், முறையே அதுதான்.) இப்படி எட்டு முறை. மொத்தம் 256 அமைப்புகள் வரலாம், ஒவ்வொன்றும் ஒரு ஒடு. ஒவ்வொரு ஒடுவுக்கும் ஏராளமான பாட்டுகள், எல்லாம் வாய்ப்பாடம். அவசரத்துக்கு எட்டு விதை ஓட்டுத்துண்டுகள் கோத்த ஒபெலே சங்கிலி உண்டு, ஒரே வீச்சில் ஒடு விழுந்துவிடும்.

என் ஒடு விழுந்ததும் பாட ஆரம்பித்தார். நடுவில் போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு விட்ட சொல்லிலிருந்தே தொடர்ந்தார், எனக்கு அதுதான் பெரிய அதிசயம். 2005இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது இந்த நினைவாற்றலுக்காகவும்தான் என்று தோன்றியது. அடிமைகளாகப் பிடிபட்டு கியூபாவுக்குப் போனவர்கள் கையில் ஓலையும் இல்லை ஏடும் இல்லை, ஆனாலும் அங்கே இன்றைக்கும் பபலாவோக்கள் இருக்கிறார்கள்.

நான் எதிர்காலம் சொல்வார் என்றுதான் போனேன். அவர் சொன்னது பழைய கதைகள்: முன்னொரு காலத்தில் ஒருவர் இன்ன சங்கடத்தோடு குறி கேட்க வந்தார், இன்ன எபோ, அதாவது காணிக்கை, கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தாரா இல்லையா, என்ன ஆனது. எந்தக் கதை நம்முடையது என்று நாமேதான் கண்டுகொள்ள வேண்டும். நண்பர் காதருகே மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார், மூன்றாவது கதையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கதையைச் சொன்னால் கேள்வி தெரிந்துவிடும், அதனால் வேண்டாம்.

எபோவுக்கு கோலாக் கொட்டையும் பனை எண்ணெயும் ஒரு கோழியும் சொன்னார். சரி, கிளம்பலாம் என்று எழுந்தால் நண்பர் எழவில்லை. சட்டைப்பையிலிருந்து 200 நைரா நோட்டு ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோனவர், என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளியே நில்லேன்" என்றார்.