தெஹ்மினா இல்லாமல் அந்தத் தொடர் வேண்டாம்

காட்டுயிர்ப் பாதுகாவலர்களின் வாழ்க்கையைத் தொலைக்காட்சிக்காகப் படமாக்குபவர்கள் பெரும்பாலும் பழகிய தடத்திலேயே போகிறார்கள். ஒரு காட்சியில் நாயகர் காட்டில் இருப்பார். அடுத்த காட்சியில் மனைவி வாசலைப் பார்த்தபடி இருப்பார், சாப்பாடு ஆறிப்போயிருக்கும், நான் முக்கியமா விலங்குகள் முக்கியமா என்று ஒரு சண்டை வரும். பறவையியலாளர் சாலிம் அலியின் வாழ்க்கையை யாராவது நல்ல தொடராக எடுக்க வேண்டும் என்பது எனது நெடுநாள் ஆசை. ஆனால் இந்த அச்சில் வார்த்து எடுப்பதாக இருந்தால் எடுக்காமலே விட்டுவிடலாம். அவருடைய வேலையும் குடும்பமும் அப்படித் தனித்தனியே இருந்தவை அல்ல.

1896இல் பம்பாயில் பிறந்த அவர் மூன்று வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, மாமா அமிருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். விளையாட்டுத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்ததைக் கண்டு, அது என்ன பறவை என்று கேட்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். தொடரில் அதற்குப் பத்து நிமிடம் போதும். பெற்றோரில்லாத ஒரு பையன் செத்த குருவியைத் தூக்கிக்கொண்டு வந்து கேள்வி கேட்டபோது, அதைக் காதுகொடுத்துக் கேட்கப் பெரியவர்கள் இருந்தார்கள் என்பதுதான் அங்கே முக்கியம்.

நான் நிறுத்தி நிதானமாகப் பார்க்க விரும்புவது 1930ஆம் ஆண்டை. பெர்லினில் ஜெர்மானியப் பறவையியலாளர் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயிற்சி பெற்றுத் திரும்பியவருக்கு, பம்பாய் அருங்காட்சியகத்தில் அதுவரை பார்த்த வேலை பணப் பற்றாக்குறையால் இல்லாமல் போயிருந்தது. முறையான பட்டம் இல்லாததால் வேறு வேலையும் எளிதில் அமையவில்லை. திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த நிலையில், அவரும் மனைவி தெஹ்மினாவும் பம்பாய்க்கு அருகே கடலோரத்திலுள்ள கிஹிம் என்ற சிற்றூருக்குக் குடிபோனார்கள். சம்பளம் இல்லாத அந்தக் காலத்தில்தான் தூக்கணாங்குருவியின் இல்லறத்தை அவர் கவனித்து எழுதினார். ஆண் குருவி கூட்டைப் பாதி வரை பின்னிவிட்டுச் சிறகடித்துக் கூப்பிடும். பெண் வந்து உள்ளே நுழைந்து நாரைக் கொத்திப் பார்த்து, பிடித்திருந்தால் மட்டும் தங்கும். அதன் பிறகே ஆண் கூட்டை முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த கூட்டைத் தொடங்கும். வீடு எது, வருமானம் எது என்று கலங்கி நின்ற ஒரு தம்பதி, கூட்டைச் சோதித்துப் பார்க்கும் அந்தக் குருவியின் அருகில் வாழ்ந்ததைக் காட்ட வசனமே தேவையில்லை.

அதன் பிறகு ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று சமஸ்தானங்களின் ஆதரவில் பறவைக் கணக்கெடுப்புகள் நடந்தன. தொடக்ககாலப் பயணங்களில் தெஹ்மினாவும் உடன் சென்றார். சாலிம் அலியின் ஆங்கில எழுத்து நடை செம்மைப்பட்டதிலும் தெஹ்மினாவுக்குப் பங்கு உண்டு. ஆகவே அந்த முகாம்களைக் காட்டும்போது கூடாரத்துக்குள் அவரைத் தேநீர் கொடுப்பவராக மட்டும் உட்கார வைத்தால் அது பொய்யாகிவிடும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அன்றைய பறவையியல் துப்பாக்கியைக் கொண்டு நடந்த வேலை. சுட்ட பறவையின் தோலை உரித்து, பஞ்சு திணித்துப் பாடம் செய்து, இடமும் தேதியும் எழுதிய சீட்டை அதன் காலில் நூலால் கட்டிவைப்பார்கள். பின்னாளில் ராஜஸ்தானின் பரத்பூர் நீர்நிலையையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கையும் காக்கக் குரல் கொடுத்த அதே மனிதரின் கைகள்தான் அவை. பார்ப்பவர்கள் மனம் கோணுமே என்று அந்தக் கைகளைத் துடைத்துச் சுத்தமாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

1939இல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்தார். சாலிம் அலி நொறுங்கிப்போனார். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. அக்கா கமூவும் அவருடைய கணவரும் தங்கள் வீட்டில் அவரை வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு நாற்பத்தெட்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதி பறவைக் கையேடு, பத்ம விபூஷண், மாநிலங்களவை நியமனம் எல்லாம் அந்த ஆண்டுகளில் வந்தவை. விருது மேடைகளைக் காட்டுவது எளிது என்பதால் தொடர் அங்கேதான் அதிக நேரம் செலவழிக்கும் என்று அஞ்சுகிறேன்.

இயக்குநர் என்னிடம் கேட்டால் ஒரே ஒரு காட்சியைத்தான் கேட்டு வாங்குவேன். 1941, அக்காவின் வீடு. இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கள நூலின் முதல் பிரதி மேசைமேல் இருக்கிறது. பக்கங்களைப் புரட்டுகிறார், ஒரு வாக்கியத்தை வாய்விட்டுப் படிக்கிறார், படித்துவிட்டுத் தலையை நிமிர்த்துகிறார்.