மஸ்கி மீனுக்கு எந்த அளவு லூர்?

பெரிய மீன் வேண்டுமென்றால் பெரிய லூர் (தூண்டிலில் கட்டும் செயற்கை இரை) கட்டு என்பதே, வட அமெரிக்காவின் பெரிய நன்னீர் வேட்டை மீனான மஸ்கியைப் பிடிக்க வருவோர் முதலில் கேட்கும் அறிவுரை. அதில் உண்மை உண்டு. தன் நீளத்தில் கால் பங்கு இருக்கும் மீனைக்கூட மஸ்கி முழுதாக விழுங்கிவிடும். ஆயினும் அந்த ஏரியில் அந்த மாதத்தில் மஸ்கி எதைத் தின்கிறது, நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தே லூரின் அளவை முடிவு செய்ய வேண்டும் என்பது, அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஏரிகளில் தூண்டில் போட்டுவரும் என் உறுதியான கருத்து.

இங்கே ஜூன் மாத முதல் சனிக்கிழமை மஸ்கி பருவம் தொடங்குகிறது. முட்டையிட்டு அதிக நாள் ஆகாத மீன்கள் அப்போது ஆழம் குறைந்த, விரைவில் சூடேறும் கரையோரங்களில் நிற்கும். துரத்திப் பிடிக்கும் வேகம் அவற்றுக்கு இன்னும் வந்திருக்காது. ஆகவே 4 முதல் 6 அங்குலம் வரையுள்ள சிறிய பக்டெயிலையோ (முடிக்கற்றையும் சுழலும் உலோகத் தகடும் கொண்ட லூர்) மின்னோ என்னும் சிறுமீன் வடிவ லூரையோ நிதானமாக இழுப்பதே அந்த நாட்களுக்குப் பொருந்தும். கோடை முற்றியதும் மீனின் பசியும் வேகமும் கூடுவதால், 8 முதல் 10 அங்குல லூர்களுக்குத் தயங்காமல் மாறலாம்.

அங்குலக் கணக்கு மட்டும் போதாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 9 அங்குலமுள்ள ஒல்லியான மர லூரும், அதே நீளத்தில் தடித்த உடலும் அகன்ற வாலும் கொண்ட ரப்பர் லூரும் நீருக்குள் ஒன்றல்ல. மஸ்கி கண்ணால் மட்டும் வேட்டையாடுவதில்லை. உடலின் பக்கவாட்டுக் கோட்டில் உள்ள உணர்வு உறுப்புகளால் நீரின் அசைவையும் அறிகிறது. எத்தனை நீரை லூர் தள்ளுகிறதோ அதுவே மீன் உணரும் அளவு. 10ஆம் எண் என்னும் பெரிய அளவுத் தகடுகள் இரண்டு சுழலும் பக்டெயில், கையில் பிடிக்கும்போது தோன்றுவதைவிடப் பெரிய இரையாக நீருக்குள் வெளிப்படுவது இதனால்தான். கலங்கிய நீரிலும் இரவிலும் இத்தகையவற்றையே நான் தேர்ந்தெடுப்பேன். தெளிந்த நீரில், அதிலும் குளிர்காற்று புகுந்து வானம் பளிச்சென்று தெளிந்த மறுநாளில், அளவைக் குறைப்பதே நல்லது.

இலையுதிர் காலத்தின் கடைசியில் நிலைமை முற்றிலும் மாறுகிறது. மில் லாக்ஸ் போன்ற, சிஸ்கோ மீன் வாழும் ஏரிகளில், அவை முட்டையிடக் கரையோரப் பாறைத்திட்டுகளை நோக்கி வரும்போது, குளிர்காலத்துக்கு உடலில் கொழுப்புச் சேர்க்கும் மஸ்கிகளும் பின்தொடர்கின்றன. கொழுத்த சிஸ்கோவைத் தேடும் மீனுக்கு 12 அங்குல லூர் மிகையல்ல. மஞ்சள் பெர்ச் என்னும் சிறிய மீனே முதன்மை இரையாக உள்ள சிறிய ஏரியில் அதே லூரை அதே நம்பிக்கையுடன் நான் வீசமாட்டேன்.

தூண்டில் கழியின் தாங்குதிறனையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் குறித்துள்ள எடைக்கு மேற்பட்ட லூரை நாள் முழுவதும் வீசினால் கழியோ தோளோ கெடும்.

படகு வரை பின்தொடர்ந்து வந்து, கடிக்காமல் திரும்பிவிடும் மஸ்கி இருக்கிறதே, அதற்கு உடனே வேறு லூரை வீச வேண்டாம். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மாலை வெளிச்சம் குறையும் நேரத்தில் திரும்பிச் சென்று, முதலில் காட்டியதைவிட ஒரு படி சிறிய லூரை அதே திசையிலிருந்து வீசுங்கள்.