கடைசி ரவுண்டும் காலை ஒன்பது மணியும்

குடித்துவிட்டு இரவு ஒரு மணிக்கு மட்டையானவர் மறுநாள் மதியம்வரை எழுந்திருக்க மாட்டார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஐந்தரைக்கே டக்கென்று முழிப்பு வந்துவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடக்கும். நெஞ்சு படபடக்கும். பனியன் வேர்வையில் நனைந்திருக்கும். கனவில் யாரோ துரத்திக்கொண்டிருந்திருப்பார்கள், அவர் யாரென்று மட்டும் ஞாபகம் வராது.

குடித்த மறுநாள் அவதியான ஹேங்ஓவர் இப்படித்தான் ஆரம்பிக்கும். இதற்குக் காரணம் இருக்கிறது. சரக்கு மூளையை அமுக்கி வைக்கிறது. மூளை சும்மா இருக்குமா? சமாளிக்க, குளூட்டமேட் என்ற முடுக்கிவிடும் பொருளின் வேலையை ஏற்றிவைத்துக்கொள்ளும். விடியற்காலையில் போதை இறங்கும்போது அமுக்கியது விலகிவிடும், ஏற்றிவைத்தது மட்டும் அப்படியே நிற்கும். முன்னிரவில் வரவிடாமல் தடுக்கப்பட்ட கனவுத் தூக்கமும் அந்த நேரம் பார்த்து மொத்தமாக வந்து இறங்கும். படுத்திருந்தது நாலரை மணி நேரம், உருப்படியாகத் தூங்கியது அதில் பாதிகூட இருக்காது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒன்பது மணிக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் ஐந்து ரவுண்டு, ரவுண்டுக்கு 60 மில்லி, 40 சதவீத சரக்கு. மொத்தம் 300 மில்லி. அதில் சுத்த ஆல்கஹால் 120 மில்லி, எடையில் சுமார் 95 கிராம். "நான் பீர் மட்டும்தான்" என்று நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தவரும் சிரிக்க வேண்டாம். 5 சதவீத பீர் அரை லிட்டர் வீதம் ஐந்து உள்ளே போனால் அதுவும் 99 கிராம் கிட்டத்தில் வந்து நிற்கும்.

கல்லீரலோ ஒரே கவுன்டரும் ஒரே கிளார்க்கும் உள்ள ஆபீஸ். மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் பைல் நகரும். வரிசை தெருமுனைவரை நின்றாலும் வேகம் அதேதான். மணிக்கு 8 கிராம் என்று வைத்தால் 95 கிராமுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தவருக்கு ரத்தம் சுத்தமாவது காலை ஒன்பதுக்குத்தான்.

இதில் ஒரு குரூரமான விஷயம் உண்டு. ஹேங்ஓவர் உச்சத்துக்குப் போவது, ரத்தத்தில் ஆல்கஹால் ஏறக்குறைய பூஜ்யத்தைத் தொடும்போதுதான். ஏழு மணிக்குப் பல் தேய்த்துவிட்டு "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது, நான் ஸ்டெடி" என்று வண்டிச் சாவியைத் தேடுகிறாரே, அவருக்கு நேற்றைய போதையே இன்னும் முழுசாக இறங்கவில்லை. ஒன்பதரைக்கு மீட்டிங்கில் உட்கார்ந்த பிறகு சுவரெல்லாம் லேசாக அசையும். சாவியை யாராவது வாங்கி வைப்பது நல்லது. போதை இறங்கிய பிறகும் கவனமும் கைவேகமும் அன்று முழுக்க மந்தமாகவே இருக்கும்.

அடுத்து வைத்தியர்கள் வருவார்கள். ஹேங்ஓவர் வந்த வீட்டில் பேஷன்ட்டைவிட டாக்டர்கள் அதிகம்.

காபி குடிக்கச் சொல்பவர் முதல் ஆள். காபி போதையை இறக்காது. தூங்கி வழிந்துகொண்டு தப்பு செய்பவரைச் சுறுசுறுப்பாகத் தப்பு செய்ய வைக்கும், அவ்வளவுதான். ஆனால் தினமும் காபி குடித்துப் பழகியவர் அன்றைக்கு மட்டும் நிறுத்தினால், இருக்கும் தலைவலியோடு காபி கேட்கும் தலைவலியும் சேர்ந்துகொள்ளும். வயிற்றில் ஏதாவது போன பிறகு அரை கப், போதும். பச்சைத் தண்ணீரில் குளிப்பது குளிரை மட்டும்தான் தரும். ஓடி வேர்த்து விரட்டலாம் என்றால், மூச்சு, சிறுநீர், வேர்வை மூன்றும் சேர்ந்தே பத்து சதவீதத்துக்குள்தான் வெளியேற்றும். மீதி எல்லாம் அந்தக் கிளார்க் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. காலையில் தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுப்பது இன்னும் வீண். சரக்கு எப்போதோ சிறுகுடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போயாயிற்று. வயிற்றில் மிச்சம் இருப்பது அமிலம். அது மேலே ஏறி உணவுக்குழாயையும் எரித்துவிட்டுப் போகும்.

"காலைல சின்னதா ஒரு பெக் போடு, எல்லாம் செட் ஆயிடும்" என்பவர்தான் ஆபத்தான வைத்தியர். ஆபத்து என்னவென்றால், அவர் சொல்வது கொஞ்ச நேரம் பலிக்கவும் செய்யும். சரக்கில் மெத்தனால் என்ற இன்னொரு வகை ஆல்கஹாலும் சொற்ப அளவு இருக்கும். கல்லீரல் போதை தரும் ஆல்கஹாலான எத்தனாலை முதலில் கவனித்துவிட்டு, மெத்தனாலைக் கடைசிக்குத் தள்ளும். அதன் முறை வரும்போது ஃபார்மால்டிஹைடு, ஃபார்மிக் அமிலம் என்ற நச்சுகள் பிறக்கும். காலையில் புதிதாக ஒரு பெக் போனால் மெத்தனால் மறுபடி வரிசையின் கடைசிக்குப் போகும், முடுக்கிவிடப்பட்ட மூளையும் மறுபடி அமுங்கும். நிம்மதியாக இருக்கும். காலை ஒன்பதில் உச்சத்துக்கு வர வேண்டிய அவதி பிறகு வரும், அவ்வளவுதான், அல்லது சாயங்காலம் இன்னொரு பெக்கில் போய் நிற்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நல்ல எண்ணத்தோடு பலர் சொதப்புகிறார்கள். சிறுநீரகத்திடம் "தண்ணீரைப் பிடித்து வை" என்று சொல்லும் வாசோபிரஸின் என்ற ஹார்மோனை ஆல்கஹால் அடக்கிவிடும். அதனால்தான் இரண்டாவது ரவுண்டுக்கு மேல் ஆள் மாற்றி ஆள் பாத்ரூம் பக்கம் போய் வருகிறார்கள். காலையில் தாகம் உயிரை எடுக்கும். ஒரு லிட்டர் பாட்டிலை அண்ணாந்து மடமடவென்று கவிழ்ப்பார். பாட்டில் காலியாகும்போது முகத்தில் ஒரு தெய்வீக அமைதி தெரியும். சரியாக அரை நிமிடம். பிறகு கண் அகலமாகும், கன்னம் உப்பும், வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் கதவைத் தேடுவார். இரவு முழுக்க ஆல்கஹாலில் வெந்துபோன இரைப்பை, திடீரென்று ஊதினால் திருப்பித்தான் அனுப்பும். ஐந்து நிமிடத்துக்கு இரண்டு வாய், அதுதான் அளவு.

உப்பு சர்க்கரைத் தண்ணீர் இன்னும் நன்றாக நிற்கும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை டீஸ்பூனால் ஆறு, உப்பு அரை டீஸ்பூன். ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும், கோபுரம் கட்டக் கூடாது. உப்பு கூடினால் குமட்டும், உடம்புக்கும் கெடுதல். சர்க்கரை கூடினால் குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கில் விடும். கை நடுங்குகிறவரை அளக்கச் சொல்லாமல் நடுங்காதவர் கலக்கிக் கொடுப்பது உத்தமம். இதனால் தாகமும் தலைசுற்றலும் குறையும். குமட்டல், வலி, எரிச்சல் ஆகியவற்றுக்கு வேறு காரணங்களும் இருப்பதால் அவை தங்கள் நேரம் முடிந்துதான் போகும்.

கூடவே வெறும் ரொட்டியோ வாழைப்பழமோ கொஞ்சம். கல்லீரல் ஆல்கஹாலில் மூழ்கிக் கிடக்கும்போது ரத்தத்துக்குப் புதுச் சர்க்கரை தயாரிப்பது குறைந்துபோகும். கைகால் வெலவெலப்பதில் அதற்கும் பங்குண்டு. எண்ணெய் சொட்டும் சாப்பாடு காலையில் வேண்டாம். கொழுப்புள்ள சாப்பாட்டுக்கு உரிய நேரம் முதல் ரவுண்டுக்கு முன்னால். அப்போது சாப்பிட்டால் சரக்கு இரைப்பையிலேயே தாமதப்பட்டு, போதை மெதுவாக ஏறும். சாப்பாட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெறும் வயிற்றில் ஆரம்பித்தவர்தான் பத்தரைக்கே தத்துவம் பேசுவார்.

மாத்திரை பற்றி ஒரே எச்சரிக்கை. பாராசிட்டமாலை உடைக்கும்போது கல்லீரலில் ஒரு நச்சு உருவாகும். அதை முறிக்கிற குளூட்டதயோன் அடிக்கடி குடிப்பவருக்குக் குறைவாக இருக்கும். வலி தாங்கவில்லை என்று ஒன்றுக்கு மூன்றாகப் போடுவது விபரீதம். ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் இரைப்பையைக் கிளறும். பொறுக்க முடிகிற வலியைப் பொறுப்பதே மேல்.

பழியை எதன்மேல் போடுவது என்ற பஞ்சாயத்தும் அன்றைக்கே நடக்கும். "மிக்ஸ் பண்ணினதுதான் தப்பு" என்பார் ஒருவர். பீர் முதலில், ஒயின் பிறகு, அல்லது தலைகீழாக என்று 90 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. வரிசையை எப்படி மாற்றினாலும் ஹேங்ஓவர் ஒன்றுதான். சரக்கின் நிறத்துக்கு மட்டும் கொஞ்சம் பங்கு உண்டு. அடர்நிறச் சரக்கில் காஞ்சனர் எனப்படும் உபரிப் பொருட்கள் அதிகம். போர்பன் விஸ்கியில் ஓட்காவைப் போல 37 மடங்கு. 2010-இல் வந்த ஆய்வில் போர்பன் குடித்தவர்களுக்கு அவதி அதிகம். ஆனால் மறுநாள் வேலையில் சொதப்பியதில் இரு தரப்பும் சமம். எதைக் குடித்தோம் என்பதைவிட எவ்வளவு என்பதில்தான் விஷயம். அதைப் பஞ்சாயத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

இரண்டு சமயத்தில் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட வேண்டும். மட்டையானவரை உலுக்கியும் எழுப்ப முடியவில்லை, மூச்சுக்கு மூச்சு பத்து வினாடிக்கு மேல் இடைவெளி, உதடு நீலம், உடம்பு சில்லென்று இருக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் அது ஆல்கஹால் விஷமாகிவிட்ட நிலை. ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆம்புலன்ஸ். மல்லாக்கப் படுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும், தனியாக விடவும் கூடாது. இன்னொன்று, தினமும் குடிப்பவருக்குக் காலையில் கை நடுங்கி, குடித்தால் நிற்கிறது என்றால் அது ஹேங்ஓவரே இல்லை. உடம்பு பழகிவிட்டதன் அறிகுறி. திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்புவரை போகலாம். டாக்டரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

கடைசியாக போன். "மச்சான், நேத்து நான் ஏதாச்சும் பேசிட்டேனா?" என்ற கேள்விக்கு "அதெல்லாம் ஒண்ணுமில்லடா" என்ற பதில் இழுத்து இழுத்து வந்தால், ஏதோ இருக்கிறது. வேகமாகக் குடித்து அளவு சட்டென்று ஏறும்போது, நடப்பதைப் பதிவு செய்யும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி வேலையை நிறுத்திவிடும். ஆள் நடப்பார், பாடுவார், பழைய மேனேஜருக்கு பன்னிரண்டே முக்காலுக்குப் போன் போட்டு "சார், நீங்க எனக்குத் தெய்வம்" என்பார், எதுவும் பதிவாகாது. பதிவாகாததை யோசித்து யோசித்து எடுக்க முடியாது. கால் லிஸ்டைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

பார்த்ததும் மன்னிப்பு எழுத உட்காரக் கூடாது. அந்த நேரத்துப் படபடப்பில் பாதி, முடுக்கிவிடப்பட்ட மூளையின் வேலை. ஒன்பது மணிக்கு எழுதும் மன்னிப்பு நாலு பத்தி நீளும், நேற்று செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளும். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் இரண்டே வரியில் அனுப்பலாம். வாய்ஸ் மெசேஜ் மட்டும் வேண்டாம், தொண்டை காட்டிக்கொடுத்துவிடும்.