சர்க்கரை உள்ள தாய்க்குப் பால் ஏன் தாமதமாகிறது?

கர்ப்பத்தில் சர்க்கரை இருந்த தாய்க்குப் பிரசவம் முடிந்ததும் இரண்டு சிக்கல்கள் ஒன்றாக வந்து சேரும். குழந்தைக்குப் பால் உடனே வேண்டும். அம்மாவுக்கோ பால் ஊறத் தாமதமாகும். பிறந்த முதல் மூன்று நாட்களை வார்டு எப்படிக் கடத்துகிறது என்பதைப் பொறுத்தே தாய்ப்பால் நிலைக்கும், அல்லது பாட்டிலுக்கு மாறும்.

முதலில் குழந்தை. தாயின் ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் கருவிலிருக்கும் குழந்தையின் கணையம் இன்சுலினை அதிகமாகச் சுரந்து பழகிவிடுகிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும். இன்சுலின் சுரப்பு உடனே குறையாது. பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை சட்டென்று இறங்குவது இதனால்தான். கொழுகொழுவென்று நான்கு கிலோவில் பிறந்த குழந்தைக்கு என்ன குறை வரப்போகிறது என்று நினைப்போம். உண்மையில் அந்தக் குழந்தையைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அடுத்து தாய். வழக்கமாக 2–3 நாட்களில் மார்பு நிறைந்து பால் பெருகும். பாலை உருவாக்கும் செல்களுக்கும் இன்சுலின் வேலை செய்தாக வேண்டும். அதனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், இன்சுலின் தேவைப்பட்டவர்களுக்கும், எடை அதிகமுள்ளவர்களுக்கும் இது 72 மணி நேரத்தைத் தாண்டலாம். சிசேரியனும் சேர்ந்தால் இன்னும் தள்ளிப்போகும். "உனக்குப் பாலே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கர்ப்பத்தின் பாதியிலிருந்தே சீம்பால் மார்பில் இருக்கிறது. முதல் நாளுக்கு அதுதான் உணவு.

பிறந்த அரை மணி நேரத்துக்குள் முதல் பால் கொடுக்க வேண்டும். குழந்தையைத் துடைத்து, துணியில்லாமல் தாயின் மார்பில் போட்டு, மேலே போர்த்த வேண்டும். குளிரும் குழந்தை தன்னைச் சூடாக்கிக்கொள்ளச் சர்க்கரையைச் செலவழிக்கும் என்பதால் இது வெறும் பாச விஷயம் இல்லை. பிறகு 2–3 மணி நேரத்துக்கு ஒருமுறை, தூங்கினாலும் எழுப்பிக் கொடுக்க வேண்டும். குழந்தையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சோதனையை ஒவ்வொரு முறையும் பால் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ், 100 மி.லி. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தபட்சம் 36 மி.கி. இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2011 அறிக்கை 45ஐ இலக்காக வைத்தது. உங்கள் மருத்துவமனை எந்த எண்ணைப் பின்பற்றுகிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

எண் சற்றுக் குறைந்தால் உடனே பவுடர் பாலுக்குத் தாவ வேண்டியதில்லை. 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஜெல் (குளுக்கோஸ் கலந்த ஜெல்) இருக்கிறது. கிலோவுக்கு 0.5 மி.லி., அதாவது மூன்று கிலோ குழந்தைக்கு 1.5 மி.லி. நர்ஸ் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்தி, ஜெல்லைத் தேய்த்த கையோடு குழந்தையை மார்பில் விட வேண்டும். 2013இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில், ஜெல் பெற்ற குழந்தைகளில் குறைந்த சர்க்கரைக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் குறைவு. ஆனால் வலிப்பு, துவண்டுபோதல், பால் குடிக்கவே மறுத்தல் ஆகியவை தெரிந்தால் ஜெல்லோடு நேரம் கடத்தக் கூடாது. நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும்.

பெரும்பாலும் தவறு நடப்பது "ஒரே ஒரு தடவை" கொடுக்கும் பாட்டிலில். முதல் நாளில் ஒரு வேளைக்கு 2–10 மி.லி. போதும். முப்பது மி.லி. கொடுத்தால் குழந்தை நான்கு மணி நேரம் தூங்கிவிடும். அவ்வளவு நேரமும் மார்பு தூண்டப்படாமல் கிடக்கும், ஏற்கெனவே தாமதமான பால் மேலும் தாமதமாகும். கூடுதல் பால் மருத்துவக் காரணத்துக்காகத் தேவைப்பட்டால் அளந்து, கரண்டியிலோ சிறு கிண்ணத்திலோ, மார்பில் விட்ட பிறகு கொடுக்கச் சொல்லுங்கள். கொடுத்த கையோடு தாய் பாலைப் பீய்ச்சி எடுக்கட்டும். குழந்தை தனி வார்டில் இருந்தால் முதல் ஓரிரு மணி நேரத்திலேயே தொடங்கி, இரவையும் சேர்த்து நாளுக்கு 8–12 முறை எடுக்க வேண்டும். முதல் நாள் பம்பைவிடக் கை நல்லது. சொட்டுச் சொட்டான சீம்பால் பம்பின் குழாயிலேயே ஒட்டிக்கொண்டுவிடும்.

இதற்குப் பிரசவத்துக்கு முன்பே தயாராகலாம். வேறு சிக்கல் இல்லாத, சர்க்கரை உள்ள கர்ப்பிணிகள் 36ஆவது வாரத்திலிருந்து நாளுக்கு இருமுறை, பத்து நிமிடம் வரை கையால் சீம்பால் எடுப்பது பாதுகாப்பானது என்று 2017இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. காம்பிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி விரல்களை வைத்து, மார்புக்கூட்டை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்துப் பிழிந்து விட வேண்டும். தோலில் வழுக்கித் தேய்த்தால் புண்ணாகும். 1 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சி, தேதி எழுதி, உறைய வையுங்கள். ரத்தப்போக்கு, கருப்பை வாயில் தையல், குறைப்பிரசவ அபாயம் இருப்பவர்கள் இதைச் செய்யக் கூடாது. மற்றவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

நஞ்சுக்கொடி வெளியேறியதுமே தாயின் இன்சுலின் தேவை சடாரென்று குறையும். பழைய அளவிலேயே ஊசி போட்டுக்கொண்டு பால் கொடுத்தால் தாய்க்கே சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அளவை மருத்துவர் மாற்றித் தர வேண்டும். பால் கொடுக்கும்போது ஏதாவது தின்பண்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இன்சுலின், மெட்ஃபார்மின் இரண்டையும் எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம்.

கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்கள், பிரசவமான 6–12 வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைத் தவறவிட வேண்டாம். அதற்குப் பதிலாக மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனை போதாது. பிரசவ ரத்தப்போக்கு அந்த எண்ணைக் குறைத்துக் காட்டிவிடும்.