நாலு கிராம் பிரஷ்

பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக வெட்டிவிட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நாலு கிராம் குறைந்திருந்தது. மலையேறுகிறவர்களில் எங்களைப் போல ஒரு கூட்டம் உண்டு. சட்டையின் லேபிளைக் கூட வெட்டி எறிவோம். சோறு, தண்ணீர், கேஸ் நீங்கலாகப் பையின் எடை 4.5 கிலோவுக்குள் இருந்தால்தான் எங்கள் ஆட்களிடம் மரியாதை. என் பை அப்போது 5.4 கிலோ. இன்னும் எதை வெட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அண்ணன் கூப்பிட்டார். ஐந்து நாள், சாலையே இல்லாத மலை, அவர் பெயரில் ஒரே ஒரு ஆண் மானுக்கு உரிமம். சுடுவது அவர். கூட நடந்து, கூடச் சுமப்பது நான்.

பையைக் காட்டுவதற்காகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் அவர் வீட்டுக்குப் போனேன். சட்டகம் இல்லாத 700 கிராம் பை. தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களாக இருபதை அடுக்கினார்.

"மாட்டிக்கிட்டு மூணு மாடி ஏறி இறங்கிட்டு வா தம்பி."

முதல் மாடியிலேயே பை முதுகை விட்டுப் பின்பக்கம் வளைந்து தொங்கியது. இடுப்புப் பட்டை பேருக்குத்தான் இருந்தது. மொத்தச் சுமையும் தோள் வாரில். இரண்டாவது மாடியில் விரல் மரத்துப்போனது. இறங்கி வந்து, 1955இல் எம்மா கேட்வுட் தன் 67 வயதில், கையால் தைத்த துணிப்பையையும் கேன்வாஸ் ஷூவையும் வைத்துக்கொண்டே அமெரிக்காவின் நெடும் மலைப்பாதையான அப்பலாச்சியன் பாதையை முழுசாகத் தனியாக நடந்து முடித்த கதையைச் சொல்லிச் சமாளித்தேன்.

"அந்தப் பாட்டி வழியில மான் எதுவும் தூக்கலையேப்பா" என்றார்.

அதற்குப் பிறகு என்ன பேசுவது? நடைப்பயணக்காரனின் பை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வரும். வேட்டைக்காரனின் பை அப்படியில்லை. மான் கிடைத்தால் ஒரே சாயங்காலத்தில் இரட்டிப்பாகும். போகும்போது இல்லாத ஒரு சுமைக்கு முதுகில் இடம் விட்டுவிட்டுத்தான் மற்றதை எடுக்க வேண்டும். அவர் என் தோளில் மாட்டிய சட்டகப் பை 2.6 கிலோ. என் பழைய பையைவிட ஏறக்குறைய இரண்டு கிலோ அதிகம். ஆனால் அதே இருபது பாட்டிலோடு ஏறினால் எடை இடுப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. பைக்கும் சட்டகத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விரியும். கறி மூட்டை அங்கேதான் போகும். கனமான பொருள் முதுகோடு ஒட்டி இருந்தால் ஆளைப் பின்னால் இழுக்காது.

மீதி இடங்களில் கத்தரித்தோம். ஆளுக்கொரு கூடாரம் வேண்டாம் என்று, தரைத்துணி இல்லாத ஒரே டார்ப் (கூரையாகக் கட்டும் விரிப்பு), நடுவில் நட்டுக்கொள்ள என் ட்ரெக்கிங் கம்பு. ஒரு ஸ்டவ், ஒரு டைட்டானியம் பாத்திரம். மாற்று உடுப்பு கிடையாது, காலுறையும் உள்ளாடையும் தவிர. தோட்டா பத்து; ஒன்று சுமார் 25 கிராம். ஒரு மானுக்குப் பெட்டி நிறைய எதற்கு? சாப்பாடு நாளைக்கு 700 கிராம். கொழுப்பில் கிராமுக்கு 9 கலோரி, மாவுப் பொருளிலும் புரதத்திலும் 4. அதனால் பருப்பு, கொட்டை, எண்ணெய் என்று எடுத்தால் அந்த 700 கிராமிலேயே 3,200 கலோரி வந்துவிடும்.

ஸ்லீப்பிங் பேக்கில் மட்டும் வாக்குவாதம். பையில் அச்சடித்திருக்கும் இரண்டு வெப்பநிலைகளில் நான் சின்ன எண்ணைப் பார்த்து வாங்கியவன். அது குளிரில் சுருண்டு படுத்துச் சமாளிக்கிற எல்லை. நிம்மதியாகத் தூங்குவதற்கான அளவு பக்கத்தில் இருக்கிற மற்ற எண். அதைவிட முக்கியம் அடியில் விரிக்கும் மேட். உடம்பின் கீழே ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளிருக்கும் இறகு நசுங்கிவிட்டால் அதில் காற்றும் இல்லை, கதகதப்பும் இல்லை. தரையின் குளிரைத் தடுப்பது மேட் மட்டும்தான். அதில் கிராம் பார்க்க அவர் விடவில்லை. பைனாகுலரிலும், ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் கருவியிலும் விடவில்லை.

நான் விடாப்பிடியாக நின்றது ஜாக்கெட்டில். என் மெல்லிய ஜாக்கெட் 180 கிராம். எத்தனையோ குளிர் மலைகளில் அதோடு சமாளித்திருக்கிறேன் என்றேன். உண்மைதான். ஆனால் அங்கெல்லாம் நான் நடந்துகொண்டிருந்தேன்.

வேட்டையில் நடப்பதைவிட உட்கார்வதுதான் அதிகம். விடிவதற்கு முன்னால் ஒரு மேட்டில் போய் உட்கார்ந்து, எதிர்ச்சரிவைப் பைனாகுலரால் அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டும். ஒரு மணி நேரம் கண் நடந்தால் கால் ஒரு நாள் நடக்க வேண்டாம் என்பது அண்ணன் கணக்கு. முதல் நாள் ஏறிய வியர்வை முதுகில் ஈரமாக நிற்க, காற்று எங்கள் முகத்துக்கு நேரே வீச (அப்படி வீசுகிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவோம், மான் கண்ணைவிட மூக்கை நம்புகிற ஜீவன்) அரை மணியில் என் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. மேலே மழைக்கோட்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று எடுத்தேன். காகிதம் போல மெல்லிய, எனக்கு மிகவும் பிடித்த கோட்டு. கையை நுழைத்ததும் சரசரவென்று ஒரு சத்தம். அந்த அமைதியில் அது மலைக்கே கேட்டிருக்கும். அண்ணன் திரும்பிப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அப்புறம் ஸ்லீப்பிங் பேக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

இரண்டாவது ராத்திரி செய்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். வாட்டர் ஃபில்டரை டார்ப்புக்கு வெளியே மாட்டிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பனிக்கட்டி. உள்ளே இருப்பது நுண்துளைகள் உள்ள மெல்லிய குழாய்கள். தங்கிய நீர் உறைந்து விரிந்தால் அவை கிழிந்திருக்கலாம், கிழிந்ததா என்று பார்த்துச் சொல்லவும் முடியாது. அன்றிலிருந்து குடிக்கிற தண்ணீரையெல்லாம் கொதிக்க வைத்தோம். கேஸ் இரண்டு மடங்கு வேகத்தில் தீர்ந்தது. சிலிண்டர் காலையில் சிணுங்கும். பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே போனாலே ஆவியாகாமல் நின்றுவிடும், ஐசோபியூட்டேன் மைனஸ் 12 வரை தாங்கும். எங்களுடையது கலவை. அதை அண்ணன் ராத்திரி தன் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்கினார். ஃபில்டரையும் அங்கே வைத்திருக்கலாம், எனக்குத்தான் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் நல்ல கொம்புள்ள மான் ஒன்று தெரிந்தது. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம், கீழே. தூரம் சரியாகத்தான் இருந்தது. அண்ணன் பைனாகுலரை இறக்கிவிட்டு, அங்கிருந்து எங்கள் டார்ப் வரைக்கும் உள்ள ஏற்றத்தை ஒருமுறை கண்ணால் அளந்தார். "வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

நாலாம் நாள் சாயங்காலம் எங்கள் பக்கச் சரிவிலேயே ஒன்று வந்தது. ஒரே தோட்டா. அதற்கப்புறம் அவர் பேசாமல் கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நானும்.

பிறகு நேரம் ஓடியது. வயிற்றைத் திறக்காமலே, ஒரு பக்கம் தோலை உரித்துக் கால், தோள், முதுகுக்கறி என்று எடுத்துவிட்டுப் புரட்டி அடுத்த பக்கம். சூடு தேங்குவது எலும்பை ஒட்டித்தான். தொடை எலும்பைச் சுற்றி உள்ள கறிதான் முதலில் கெடும். அதனால் எலும்பை நீக்கினோம், சுமையும் குறைந்தது. ஆணா பெண்ணா என்று காட்டும் அடையாளத்தைக் கறியோடு விட்டுவைக்க வேண்டும் என்பது பல இடங்களில் சட்டம், அதை மறக்கக் கூடாது. காற்றுப் புகும் துணிப்பைகளில் போட்டு நிழல் மரத்தில் தொங்கவிட்டோம். பிளாஸ்டிக்கில் போட்டிருந்தால் தன் சூட்டிலேயே வெந்துபோயிருக்கும். ராத்திரிக் குளிர் முதல்முறையாக எங்களுக்கு உதவியது.

கறி மட்டும் 32 கிலோ. அண்ணனுக்கு ரைஃபிளும் கொம்பும் இருந்ததால் 17 என் பங்கு, 15 அவருக்கு. கொம்பில் ஆரஞ்சு நிறத் துணியைச் சுற்றினார். புதருக்கு மேலே கொம்பு மட்டும் ஆடிக்கொண்டு போவதை வேறொரு வேட்டைக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான்?

என் பை 27 கிலோவுக்குக் குறையாது. உட்கார்ந்து வாரை மாட்டி, முதலில் கையை ஊன்றி முழங்காலில் நின்று, அப்புறம்தான் எழ முடிந்தது. ஒன்பது கிலோமீட்டர். முதல் ஏற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஐம்பது அடி நடப்பது, கம்பில் சாய்ந்து நிற்பது, மறுபடி ஐம்பது அடி. இடுப்பெலும்பு எரிந்தது. தோள் எரியவில்லை, விரலும் மரக்கவில்லை.

மேட்டுக்குச் சற்றுக் கீழே ஒரு பாறையில் பையை இறக்காமலே சாய்ந்து நின்றோம். அண்ணன் வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"தம்பி, அந்தப் பிரஷ்ஷ வெட்டினியே. எத்தனை கிராம்னு சொன்ன?"

"நாலுண்ணா."

சிரிப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் யோசித்தார்.

"என்னோடதும் வெட்டியிருக்கலாம்."